வலைக்கு அந்தப் பக்கம்

கிட்டு மீன் சாப்பிடமாட்டார். பிறந்தநாள் கேக்கைக் கூட முட்டை உண்டா என்று விசாரித்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். ஆனால் முப்பத்தாறு வருஷமாக, வருஷத்துக்கு இரண்டு தடவையாவது, ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டிலிருந்து கிளம்பிப் போய்க் கடலோரத்தில் கொடுவா மீன் பிடித்துக்கொண்டிருந்தார்.

முழுப் பெயர் கிருஷ்ணமூர்த்தி. மன்னார்குடிப் பக்கத்துக் குடும்பம். மின்னணுக் கருவிகள் செய்யும் பொதுத்துறை ஆலையில் வேலை கிடைத்து 1979இல் ஹைதராபாத் வந்தவர். டெஸ்டிங் பிரிவில் இருந்தார். மற்றவர்கள் செய்து அனுப்புகிற பெட்டிகளைச் சூட்டில் வைத்து, குளிரில் வைத்து, உலுக்கி, எதில் கோளாறு என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது அவர் வேலை. அதனால் ஆலையில் அவரைப் பிடித்தவர்கள் குறைவு. அவருக்கும் அதைப் பற்றி வருத்தம் இருந்ததில்லை.

மீன் பிடிக்கிற பழக்கம் வந்தது தற்செயலாகத்தான். 1988இல் ஆலையின் மனமகிழ் மன்றம் ஊழியர்களை ஆந்திரக் கடற்கரைக்குச் சுற்றுலா அழைத்துப்போனது. எல்லோரும் குளித்தார்கள், சீட்டாடினார்கள். மெஷின் ஷாப்பில் வேலை பார்த்த டேவிட்சன் மட்டும் தனியாக, கால்வாய் கடலில் சேருகிற இடத்தில், முழங்கால் தண்ணீரில் தூண்டில் கம்போடு நின்றுகொண்டிருந்தார். கிட்டுவுக்கு மீனில் அக்கறை இல்லை. கம்பில் மாட்டியிருந்த ரீல் எப்படிச் சுழல்கிறது, உள்ளே எத்தனை பல்சக்கரம் என்று தெரிந்துகொள்ள ஆசை. பக்கத்தில் போய் விசாரித்தார்.

"இதைக் கொஞ்சம் பிடிங்க சார், ஒரு சிகரெட் பத்த வச்சிட்டு வந்துர்றேன்" என்று கம்பைக் கையில் கொடுத்துவிட்டுக் கரையேறினார் டேவிட்சன்.

தீக்குச்சியை அவர் உரசுவதற்குள் கம்பு வளைந்தது. கலங்கிய தண்ணீருக்கு அடியில், கண்ணால் பார்க்காத ஒன்று கிட்டுவின் தோளைக் கழற்றிவிடுவதுபோல இழுத்தது. "சார், விடாதீங்க, விடாதீங்க!" என்று டேவிட்சன் கத்திக்கொண்டே ஓடிவந்தார். அதற்குள் தூண்டில் நரம்பு அறுந்துவிட்டது. அரை நிமிஷம்கூட இருக்காது. அன்றைக்கு முழுக்கக் கிட்டுவின் கைகள் நடுங்கிக்கொண்டே இருந்தன. திரும்பும் பஸ்ஸில் டேவிட்சன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அடுத்து எப்பப் போவீங்க?" என்று கேட்டார்.

அப்படி ஆரம்பித்தது. ஆலைக்குள் டேவிட்சன் அவரை 'சார்' என்பார். தண்ணீரில் கால் வைத்ததும் 'கிட்டு'. ஓய்வு பெற்ற பிறகு எல்லா இடத்திலும் கிட்டுதான். கம்பு, ரீல், தூண்டில் முள் எல்லாம் மெட்டுகுடாவில் டேவிட்சன் வீட்டில் இருக்கும். பிடித்த மீனும் அங்கேதான் போகும். டேவிட்சனின் மனைவி ஜூடித் குழம்பு வைத்து, வறுத்து, சர்ச்சில் நாலு வீட்டுக்கும் கொடுத்தனுப்புவாள்.

கிட்டு வீட்டில் சொல்லவில்லை. ஆபீஸ் டூர் என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் தடவை திரும்பி வந்த மறுநாளே, துணி துவைக்கப் போட்ட மனைவி கல்பகம் சட்டையை மோந்து பார்த்துவிட்டாள். சண்டை போடவில்லை. சாதத்தைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"ஏன்னா, நீங்கதான் அதைச் சாப்பிடறதில்லையே. அப்பறம் எதுக்கு அதைப் பிடிச்சு இம்சை பண்றேள்?"

கிட்டு மோரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவள் மறுபடி அதைக் கேட்கவில்லை. அந்தச் சட்டைகளை மட்டும் தனி வாளியில் ஊறவைப்பாள்.

செகந்திராபாத்தில் ரயில் ஏறினால் காலையில் ரேபல்லெ. அங்கிருந்து ஆட்டோவில் முக்கால் மணி நேரம் போனால் கிருஷ்ணா நதி கடலைத் தொடுகிற பக்கத்தில் ஒரு மீனவ கிராமம். ஏடுகொண்டலு என்பவரின் படகு. அலையாத்திக் காட்டுக்கு நடுவே பிரிந்து பிரிந்து போகிற உப்புக் கால்வாய்களில் எந்த வளைவில், கடல்நீரின் எந்த ஏற்றத்தில் கொடுவா வந்து நிற்கும் என்று ஏடுகொண்டலுவுக்குத் தெரியும். அந்த ஊரில் அதற்குப் பண்டுகப்பா என்று பெயர். உயிருள்ள மடவை மீன் குஞ்சை முள்ளில் கோத்துவிட்டு உட்கார்ந்தால், முதல் பத்து வருஷத்தில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு கண்டிப்பாகக் கிடைக்கும். 1994இல் டேவிட்சன் பிடித்தது இருபத்திரண்டு கிலோ. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிற படம் சட்டம் போட்டு அவர் வீட்டு ஹாலில், ஏசு படத்துக்குக் கொஞ்சம் கீழே மாட்டியிருந்தது.

அவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இரண்டு அடிக்குக் குறைவானதை எடுக்கமாட்டார்கள். முள்ளைப் பதமாகக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். "குட்டியை விடணும், பெருசைத்தான் எடுக்கணும்" என்பார் டேவிட்சன். கண்டபடி வாரிக்கொண்டு போகிறவர்கள் மத்தியில் தாங்கள் நியாயஸ்தர்கள் என்று இருவருக்கும் உள்ளூர ஒரு பெருமை.

பிறகு மீன் குறைந்தது. ஒரேயடியாகக் குறைந்திருந்தால் உறைத்திருக்கும். நாலு மூன்றாகி, மூன்று இரண்டாகி, ஒரு பயணத்துக்கு ஒன்று என்று வந்து நின்றது. திரும்பும் ரயிலில் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைத்தது. அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் போயிருக்கக் கூடாது. மேல்காற்று அடித்தது. மடவை சின்னதாக இருந்தது. ஒரு வருஷம் கிட்டு தன் கண்ணாடி மாறிவிட்டதைக் காரணமாகச் சொன்னார். இன்னொரு வருஷம் டேவிட்சன் தன் கை நடுக்கத்தைச் சொன்னார். அது உண்மை, கோப்பையில் டீ தளும்ப ஆரம்பித்திருந்தது. கடைசி மூன்று வருஷத்தில் ஏழு பயணம், கிடைத்தது ஒன்றரை அடியில் ஒரே ஒரு மீன். அப்போதும் மீன் இல்லை என்று மட்டும் இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

போன ஜூலையில் ஹர்ஷிதா போன் செய்தாள். செகந்திராபாத்தில் தூண்டில் சாமான் விற்கிற கடைக்காரர் டேவிட்சனின் நம்பரைக் கொடுத்திருந்தார். மீன்வளம் படித்து ஆராய்ச்சி செய்கிற பெண், குகட்பள்ளியில் வீடு, பூர்வீகம் வேலூர். கொடுவா பற்றிப் பழைய கணக்கு எதுவும் ஒழுங்காக இல்லையாம். பழைய ஆட்களின் போட்டோக்களைப் பார்த்து, எந்த வருஷம் எவ்வளவு பெரிய மீன் கிடைத்தது என்று எடுக்கிறாளாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெட்டுகுடா வீட்டுக்கு வந்தாள். ஜூடித் அச்சு முறுக்கும் டீயும் கொண்டுவந்து வைத்தாள். கட்டில் மேல் டேவிட்சனும் கிட்டுவும் போட்டோக்களை வருஷவாரியாகப் பரப்பினார்கள். படத்தில் இருக்கிற தூண்டில் கம்பின் கைப்பிடி எத்தனை அங்குலம் என்று கேட்டு, அதை வைத்து மீனின் நீளத்தைக் கணக்கிட்டு லேப்டாப்பில் ஏற்றினாள் அவள். இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் போகப் போக மீன்கள் சிறுத்துக்கொண்டே போயின. ஆட்களின் தொந்தி பெருத்துக்கொண்டே வந்தது.

"கைக்கு கிட்டு, ஏன் இப்படி ஊதிட்ட?" என்று ஹைதராபாத் ஹிந்தியைக் கலந்து டேவிட்சன் சிரித்தார். பிறகு கட்டிலை ஒரு தடவை முழுக்கப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ரயிலில் தனித்தனியாகச் சொல்லிச் சமாளித்த வருஷங்கள் எல்லாம் ஒரே வரிசையில் கிடந்தன.

ஹர்ஷிதா ஹாலில் மாட்டியிருந்த படத்தையும் இறக்கி அளந்தாள்.

"பியூட்டிஃபுல் ஃபிஷ், அங்கிள். எனக்கு தமிழ் புரியும், பேசினா கொஞ்சம் தப்பு வரும், சாரி. இது... லேடி."

"பொம்பள மீனா? போட்டோவப் பாத்து எப்படிம்மா சொல்லுற?" என்றார் டேவிட்சன்.

"சைஸ், அங்கிள். இந்த மீன் மொதல்ல எல்லாமே மேல். ஆண். அஞ்சாறு வருஷம் ஆகி, மூணு அடி கிட்ட வளர்ந்தா, ஃபீமேலா மாறிடும். சின்னது எல்லாம் அப்பா, பெருசு எல்லாம் அம்மா. இந்தக் கட்டில்ல..." ஹர்ஷிதா கையால் இடது பாதியைக் காட்டினாள். "இது ஆல்மோஸ்ட் எல்லாம் அம்மா. ஒண்ணொண்ணும் ஒரு சீசன்ல லட்சக்கணக்குல முட்டை போடும்."

கிட்டு டெஸ்டிங் பிரிவில் முப்பத்தேழு வருஷம் இருந்தவர். அவருக்குக் கணக்கு உடனே விளங்கிவிட்டது. குட்டியை விட்டார்கள். பெரியதைத்தான் எடுத்தார்கள்.

டேவிட்சனுக்குக் கொஞ்சம் தாமதமாக விளங்கியது. "அப்ப நாங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

ஹர்ஷிதா பதறிப்போனாள். "நோ நோ அங்கிள், நீங்க ரெண்டு பேர் முப்பது வருஷம் பிடிச்சது, ஒரு வலையில ஒரு சீசன்ல போய்டும். ரிவர்ல தண்ணி கம்மி. குஞ்சு எல்லாம் பிடிச்சு ஃபிஷ் பாண்டுக்கு விக்கறாங்க. ரீசன்ஸ் நிறைய இருக்கு. நீங்க ரொம்ப ஸ்மால்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆறுதலாக இல்லை.

கிளம்பும்போது ஒரு சின்ன உறை கொடுத்தாள். அதில் மஞ்சள் நிறத்தில், இடியாப்ப நூல் தடிமனில், பத்து பிளாஸ்டிக் அடையாள டேக்குகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு எண். அடுத்த தடவை மீன் கிடைத்தால் முதுகுத் துடுப்பின் அடியில் ஊசியால் இதைச் செருகி உயிரோடு விடவேண்டும். பின்னால் எங்கேயாவது யாராவது பிடித்தால், அது எவ்வளவு தூரம் போனது, எவ்வளவு வளர்ந்தது என்று தெரியும். டேவிட்சன் உறையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவள் போன பிறகு சட்டம் போட்ட படத்தைத் திரும்ப மாட்டவில்லை. பீரோவுக்குப் பின்னால் சாய்த்துவைத்தார். "சுவர்ல மார்க் தெரியுதே, கேலண்டராவது மாட்டுங்க" என்றாள் ஜூடித்.

செப்டம்பரில் போனார்கள். இந்தத் தடவை ஐஸ் பெட்டி எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. "பண்டுகப்பா லேது சார்" என்று ஏடுகொண்டலு இரண்டு கையையும் விரித்தார். அவருக்கும் வயது ஐம்பத்தைந்து ஆகிவிட்டது. மீன் இல்லாத நாட்களில் இறால் குட்டைகளில் காவலுக்குப் போகிறார். கரையின் இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு இருந்த இடத்தில் இப்போது குட்டைகள்தான். குட்டைகளுக்குக் காற்றூட்டும் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கிற சத்தம் கால்வாய் முழுக்கக் கேட்டது.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். மதியம் கிளம்பவேண்டும். கிட்டு கம்பைக் கையில் வைத்துக்கொண்டு, வேறு எதையோ நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நரம்பு ஒரு தரம் தளர்ந்தது. அடுத்த நொடி கம்பு தண்ணீரைத் தொடுகிற அளவுக்கு வளைந்தது.

"பெருசு!" என்று டேவிட்சன் எழுந்தார்.

ஐம்பது அடி தள்ளி அது எழும்பியது. முழு உடம்பும் தண்ணீருக்கு வெளியே வந்து, வாயை அகலத் திறந்து தலையை உதறியபோது செவுள் படபடத்த சத்தம் படகு வரைக்கும் கேட்டது. வெள்ளித் தகடு மாதிரி மின்னிவிட்டு விழுந்தது. அப்படி ஒன்றை அவர்கள் பார்த்துப் பத்து வருஷமாவது ஆகியிருக்கும். கிட்டுவுக்கு அந்தக் கணத்தில் ஹர்ஷிதா நினைவில் இல்லை, கட்டில் நினைவில் இல்லை. 1988இல் வந்த அதே நடுக்கம்தான் இருந்தது. பிற்பாடு அவரை மிகவும் அறுத்தது இதுதான்: அந்தச் சந்தோஷம் நிஜமாக இருந்தது.

அறுபத்தெட்டு வயதுக் கை. முன்பெல்லாம் பத்து நிமிஷத்தில் கொண்டுவந்திருப்பார். இப்போது அரை மணிக்கு மேல் ஆனது. "சீக்கிரம் கிட்டு, சீக்கிரம். ரொம்பக் களைச்சா பிழைக்காது" என்று டேவிட்சன் சொல்லிக்கொண்டே இருந்தார். கம்பை அவரிடம் கொடுக்கவும் முடியாது. அவர் கை அதற்குத் தாங்காது.

படகின் ஓரத்துக்கு வந்தபோது மூன்றரை அடி இருந்தது. பதினாலு கிலோவுக்குக் குறையாது. வயிறு பருத்திருந்தது. முள் உதட்டில் மாட்டவில்லை. உள்ளே, செவுளுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. செவுளிலிருந்து ரத்தம் நூலாகக் கசிந்து தண்ணீரில் கலைந்தது.

டேவிட்சன் குறடை எடுத்தார். குறடு நுனி நடுங்கிச் செவுளில் இடித்தது. எடுத்துவிட்டு மறுபடி முயன்றார். மறுபடி இடித்தது. "ஏடுகொண்டலு, நீ பண்ணு" என்று குறடைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏடுகொண்டலு முள்ளின் தண்டை வெட்டி, முனையைப் பக்குவமாக வெளியே எடுத்தார்.

கிட்டு ஈரத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, மீனின் கீழ்த்தாடையைப் பிடித்து, தலையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டார். செவுள் திறந்தது, மூடியது. மெதுவாகத்தான், ஆனாலும் திறந்து மூடியது.

"உசுரு இருக்கு. கொஞ்சம் தெளியட்டும், அப்பறம் டேக் குத்தி விடலாம்" என்றார்.

ஏடுகொண்டலு தொண்டையைச் செருமினார். "இங்கே விட்டு என்ன சார் பயன்? அதைப் பாருங்க" என்று தெலுங்கில் சொல்லி, கடலைப் பார்த்துக் கையை நீட்டினார்.

இருநூறு அடி தள்ளி, கால்வாயின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை தெர்மாகோல் துண்டுகளும் காலித் தண்ணீர் பாட்டில்களும் வரிசையாக மிதந்தன. காலையில் வரும்போது அது இல்லை. ஏற்றம் ஆரம்பித்த பிறகு கட்டியிருக்கிறார்கள். கடலுக்குப் போகிற மீன் எதுவும் அதைத் தாண்டாமல் போக முடியாது.

"முட்டை போட முகத்துவாரத்துக்குத்தான் போகும். சாயந்தரம் நீர் வத்தும்போது நேரா அதுல போய் விழும்."

டேவிட்சன் மிதக்கிற பாட்டில்களை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார்.

"அப்ப வலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவோம்" என்றார் டேவிட்சன்.

"ஏற்றம் எதிர்த்து வருது சார்."

"பரவால்ல. போ."

ஏடுகொண்டலு மோட்டாரை மெதுவாக ஓட்டினார். வேகமாக ஓட்டினால் மீனின் வாயில் தண்ணீர் அடித்து மூச்சு முட்டும். கிட்டு படகின் விளிம்பில் நெஞ்சை அழுத்திக் குப்புறக் கிடந்து, ஒரு கையால் தாடையையும் இன்னொரு கையால் வயிற்றையும் தாங்கிக்கொண்டார். டேவிட்சன் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டார். இருநூறு அடி. நடந்தால் ஒரு நிமிஷம்.

வலைக்குப் பக்கத்தில் வந்ததும் மோட்டாரை நிறுத்தித் தூக்கவேண்டியிருந்தது, இல்லாவிட்டால் மோட்டாரின் விசிறி அந்த வலையில் சிக்கும். ஏடுகொண்டலு கோலால் வலையின் மேல் கயிற்றை அமுக்கிப் படகை மேலே ஏற்றப் பார்த்தார். ஏற்றம் படகைப் பின்னால் தள்ளியது. இன்னொரு தடவை. மறுபடி தள்ளியது.

"அறுத்துடு" என்றார் டேவிட்சன். "கத்தி இருக்குல்ல? கயித்த அறு!"

ஏடுகொண்டலு நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கோபமில்லை.

"என் மச்சான் வலை சார். ரெண்டு பொண்ணுங்க காலேஜ் போகுது."

டேவிட்சன் குனிந்து கிட்டுவின் கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் தடவை படகு ஏறியது. கயிறு அடியில் உரசிக்கொண்டு பின்னால் போனது. வலைக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

கிட்டு கையை மெல்லத் தளர்த்தினார். மீன் ஒரு விநாடி நேராக நின்றது. வாலை ஒரு தடவை அசைத்தது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, வயிறு மேலே வந்துவிட்டது.

திரும்பப் பிடித்தார். தலையை முன்னும் பின்னும் ஆட்டி வாய்க்குள் தண்ணீர் போகச் செய்தார். விட்டார். சாய்ந்தது. பிடித்தார். வெயில் முதுகில் சுட்டது. விளிம்பு அழுத்தி நெஞ்செலும்பு வலித்தது. டேவிட்சன் பின்னால் இருந்து, "கர்த்தாவே, கர்த்தாவே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிட்டுவுக்கு எந்த ஸ்லோகமும் வாயில் வரவில்லை. "போ, போ, போயிடு" என்றுதான் வந்தது. செவுள் திறப்பதற்கும் மூடுவதற்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. அடுத்தது எப்போது என்று காத்திருந்து காத்திருந்து, ஒரு தடவை அது வரவே இல்லை.

"போயிடுச்சு சார்" என்றார் ஏடுகொண்டலு. "விடுங்க."

அதற்குப் பிறகும் கால் மணி நேரம் கிட்டு விடவில்லை. வெள்ளி நிறம் மங்கி, ஈய நிறமாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே பிடித்திருந்தார். டேவிட்சன்தான் குனிந்து, விரல் விரலாக அவர் கையைப் பிரித்து எடுத்தார். அதற்கே கொஞ்ச நேரம் ஆனது.

மீனைத் தண்ணீரில் விட்டுவிடலாம் என்றார் கிட்டு. ஏடுகொண்டலுவுக்கு அது புரியவில்லை. செத்த மீனை, அதுவும் இவ்வளவு நல்ல மீனை, யார் எறிவார்கள்? வீட்டுக்கு எடுத்துப்போனார். அவர் மனைவி அரிவாள்மனையில் வயிற்றைக் கீறியதும், உள்ளங்கை அகலத்தில் நீள நீளமாக இரண்டு மஞ்சள் சினை வந்தது. அதை அவள் ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து, ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்குத்தான் முதலில் காட்டவேண்டும் என்று மரியாதையாக வாசலுக்குக் கொண்டுவந்தாள். கிட்டு எழுந்து ஆட்டோ நிற்கிற இடத்துக்கு நடந்தார். டேவிட்சன் அந்த அம்மாவின் மனம் நோகக் கூடாதே என்று தட்டைப் பார்த்து, "நல்லா இருக்கும்மா" என்றார். சாப்பிடும்போது பருப்பும் மோரும் மட்டும் போதும் என்றுவிட்டார்.

ரயிலில் காரணம் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் ஹர்ஷிதாவுக்குக் கிட்டு போன் செய்தார். நூற்றெட்டு சென்டிமீட்டர் என்றார். டேக் குத்தவில்லை என்றார். செத்துவிட்டது என்பதைச் சொல்ல மூன்று வாக்கியம் சுற்றிவளைத்தார்.

"பரவாயில்ல அங்கிள், ஜீரோக்கு இது பெட்டர் டேட்டா" என்று அவள் உற்சாகமாக ஆரம்பித்தாள். கிட்டு பேசாமல் இருந்தார். "அங்கிள்? சாரி அங்கிள். நான்தான் போகச் சொன்னேன், இல்ல?" என்றாள்.

"நீ சொல்லாட்டாலும் போயிருப்போம்மா" என்றார் கிட்டு. அது உண்மைதான்.

சமையலறையில் கல்பகம் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்ற பிறகு டூர் என்று சொல்ல முடியாததால் 'டேவிட்சனோட போறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அவளும் எங்கே என்று கேட்பதில்லை. திரும்பி வந்து எதையும் சொன்னதும் இல்லை. அன்றைக்குக் கிட்டு தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். ஹர்ஷிதா, கட்டில், அம்மா மீன், வலை, சினை. கல்பகம் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நீங்க வேணும்னு கொல்லலையே. காப்பாத்தத்தானே பாத்தேள்."

"அன்னிக்கு ஒரு நாள்தான் காப்பாத்தப் பாத்தேன். முப்பத்தாறு வருஷம் வேணும்னுதான் பண்ணினேன்."

அவள் பழைய கேள்வியைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "எழுந்து கையை அலம்பிண்டு வாங்கோ, சாப்பிடலாம்" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து டேவிட்சன் போன் செய்தார். கிட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஜூடித்துக்கு முழங்கால் வலி, பேரன் ஷெர்வினுக்குப் பரீட்சை என்று ஏதேதோ பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கிட்டு, பிப்ரவரில போலாமா, நக்கோவா, வேணாமா?"

கிட்டு கையிலிருந்த ஈரத் துணியை மறுபடி பிழிந்தார்.

"நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன். போனா, இருக்குற ஒண்ணு ரெண்டையும் நாம கொல்லுவோம். போகாட்டி, அங்க என்ன இருக்கு, என்ன இல்லன்னு நமக்கே தெரியாமப் போயிரும். முப்பத்தாறு வருஷமா அந்த வாய்க்கால பாத்த ஆளு வேற யாரு இருக்கா, சொல்லு."

"கம்பு இல்லாமப் போலாமே டேவிட். சும்மா படகுல சுத்திட்டு வரலாம்."

"போயி?"

போய் என்ன செய்வது என்று கிட்டுவுக்கும் தெரியவில்லை. கம்பு இல்லாமல் கலங்கிய தண்ணீரைப் பார்த்தால் மேலே ஒன்றும் தெரியாது. அடியில் ஏதாவது இருக்கிறதா என்று அவர்களுக்குத் தெரிந்துகொள்ளத் தெரிந்த வழி கம்பு ஒன்றுதான்.

"பாக்கலாம்" என்றார்.

"ஹவ், ஆமா, பாக்கலாம்" என்றார் டேவிட்சன்.

இருவரும் போனை வைக்கவில்லை. மெட்டுகுடாவில் ஒரு ரயில் போகிற சத்தம் போனுக்குள் கேட்டது. அது தேய்ந்து நிற்கும்வரை கிட்டு ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கேட்டுக்கொண்டே நின்றார்.